பாட்டிலில் தங்கிய பேச்சு

மாசி மகத்துக்குக் கடலாட வந்த சாமிகளெல்லாம் டிராக்டரிலும் மாட்டு வண்டியிலும் ஏறித் தத்தம் ஊர்களுக்குத் திரும்பிப் போன மறுநாள், காலை பத்து மணி வாக்கில், புதுச்சேரிக்குத் தெற்கே தாழம்பேட்டையில் இருக்கும் சின்ன பீர்த் தொழிற்சாலையின் கழுவும் கொட்டகையில், அஞ்சலாட்சி ஒரு காலி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது அது அவளிடம், "அந்த நாய நான்தான் அடிச்சன்" என்றது.

குரல் தபால்காரர் வேதாசலத்தினுடையது. நாய் அவருடைய அடுத்த வீட்டு டீச்சரம்மா வளர்த்தது, தீபாவளிக்கு முந்தின வாரம் காணாமல் போனது. அஞ்சலாட்சி பாட்டிலின் விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள், பெயரவில்லை, கழுவும் தொட்டிப் பக்கம் நகர்த்திவிட்டு அடுத்ததை எடுத்தாள். திருவிழா முடிந்த மறுநாள் என்பதால் கிரேட்டுகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் நின்று யோசிக்க நேரமில்லை.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பதினாறு பாட்டில்கள் பேசிவிட்டன. ஒன்று, "எனக்கு ஒரு கண்ணு தெரியல" என்றது. ஒன்று, "அவ வெச்ச கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு" என்றது. ஒன்று ஒரு பெண்ணின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. எல்லாம் ஆண் குரல்கள், எல்லாம் தாழ்ந்த குரல்கள். காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் கேட்டது, கையை நீட்டிப் பிடித்தால் கேட்கவில்லை. கூட வேலை செய்யும் தில்லையம்மா தொட்டியில் காஸ்டிக் சோடாவைக் கலக்கிக்கொண்டே, "குடிச்சிட்டு உளறனது உள்ளயே தங்கிப் போச்சு போலக்கிது, சுடுதண்ணி ஊத்தனா போயிடும்" என்றாள். ஊற்றினாள். போய்விட்டது. கழுவிக் காய்ந்த பாட்டில்கள் எப்போதும் போல வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்றன, நிரப்பும் எந்திரம் அவற்றை எப்போதும் போல வாங்கிக்கொண்டது.

தொழிற்சாலை சவரிராயனுடையது, ஊர் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடும். முப்பது வருடம் பிரான்சில் ரயில் ஓட்டிவிட்டு, பெண்டாட்டியை அந்த மண்ணிலேயே அடக்கம் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து, பார்லியோடு கேழ்வரகு சேர்த்து, நார்த்தை இலை போட்டு, ஒருமுறைக்கு நாலு அண்டா என்ற கணக்கில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தவர். பெரிய கம்பெனிகள் ஒரு நாளில் காய்ச்சுவதை அவர் ஒரு வருடத்தில் காய்ச்சினார். பீருக்கு ஏதோ பேர் வைத்து லேபிள் எல்லாம் ஒட்டியிருந்தார், ஆனால் ஊரில் அதற்கு முசே பீர் என்றுதான் பேர். அந்த பீர் பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் போகும். கடற்கரைக் கடைகளிலும் தோப்புகளிலும் குடித்து முடிந்ததும் காலியாகத் திரும்பி வரும். கழுவி நிரப்பினால் மறுபடி போகும். நாற்பது தடவை போய் வந்து தோள்பட்டையெல்லாம் உரசி வெளுத்த பாட்டில்கள் அங்கே இருந்தன. அஞ்சலாட்சி அவற்றைப் பார்த்ததும் அடையாளம் சொல்லுவாள்.

பாட்டில்கள் சொல்வது குடித்துவிட்டு உளறியதல்ல என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. அன்றைக்கு ஒரு பாட்டில் தில்லையம்மாவின் புருஷன் கொத்தனார் தணிகாசலத்தின் குரலில், "செவுரு சாயுது, நூல் புடிச்சதுல தப்புப் பண்ணிட்டன்" என்றது. தில்லையம்மா வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் போட்டுவிட்டு எந்தச் சுவர் என்று கேட்டாள். பிசைந்த கை அப்படியே நிற்க அவன் சொன்னான்: "யாருடி சொன்னா உனுக்கு? நான் யார்கிட்டயும் சொல்லல. கடையில மேஸ்திரி பக்கத்துல ஒக்காந்திருந்தாரு. சொல்லிடலாம்னு வாயத் தொறந்தன். மனசு வரல. பாட்டில வாயில வெச்சிகினன்."

அப்போதுதான் விஷயம் விளங்கியது. சொன்னதை பாட்டில் வைத்துக்கொள்வதில்லை. சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், ஒரு வாய் பீரோடு சேர்த்து உள்ளே தள்ளியதைத்தான் வைத்துக்கொள்கிறது. மறுநாள் காலையில் தணிகாசலம் நாலு சவுக்கு மரத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தின் புதுச் சுவருக்கு முட்டுக் கொடுத்தான்.

கொட்டகையில் வேலை செய்த ஆறு பெண்களும் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். தெரிந்த குரலாக இருந்தால் மேற்கொண்டு கேட்காமல் பாட்டிலின் வாயைத் துணியால் அடைத்து, அந்த வீட்டுப் பெண்ணுக்கென்று தனியாக எடுத்துவைப்பது. தெரியாத குரலாக இருந்தால் உடனே கழுவிவிடுவது. செய்தி பரவியதும் புதன்கிழமை தோறும் தொழிற்சாலையின் பின்பக்கக் கேட்டில் பெண்கள் வந்து நின்றார்கள். மருமகள்கள், மாமியார்கள், அக்காமார்கள், கட்டிக்கொள்ளப் போகிறவர்கள், கைவிடப்பட்டவர்கள் எல்லாரும் வந்தார்கள். முசே அவர்கள் உட்கார ஒரு பெஞ்சு போடச் சொன்னார், வெயில் ஏறியதும் ஒரு தென்னங்கீற்றுப் பந்தலும் போடச் சொன்னார். அஞ்சலாட்சி பேர் கேட்டு பாட்டிலை எடுத்துக் கொடுப்பாள். அவர்கள் முந்தானையால் மூடிக்கொண்டு காதில் வைத்துக் கேட்பார்கள். கேட்டு முடித்ததும் சிலர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து நேராக வீட்டுக்குப் போனார்கள், சிலர் அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு போய் மறுபடி கொண்டுவரவே இல்லை.

தபால்காரர் பெண்டாட்டி ஒரு நாய்க்குட்டியோடு டீச்சரம்மா வீட்டுக்குப் போனாள். முந்திரித் தோப்பில் ஒரு வரப்பு இரண்டடி தெற்கே நகர்ந்தது. ஒரு கல்யாணம் நின்றது, இருபது வருடமாக முகம் கொடுக்காத இரண்டு அண்ணன் தம்பி ஒரே பைக்கில் போனார்கள். ஒரு வழக்குக்காக வந்த இன்ஸ்பெக்டர், சந்தேகத்தில் பிடித்துவைத்திருந்த ஒருவன் குடித்த பாட்டிலைக் கேட்டு வாங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டுக் காதில் வைத்துக் கேட்டார். அது, "அம்மா, காலு வலிக்குது" என்றது. அவர் அதற்கப்புறம் அந்தக் கொட்டகைப் பக்கம் வரவில்லை. பாட்டிலில் கேட்டது பாவசங்கீர்த்தனம் ஆகாது, அதற்குக் கோயிலுக்குத்தான் வர வேண்டும் என்று பாதர் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சொன்னார். பிறருடைய தொண்டையில் இருந்ததைக் கேட்டவர்கள் தலைமுழுக வேண்டும் என்று மாரியம்மன் கோயில் பூசாரி சொன்னார். பெண்கள் பாதரையும் மதித்தார்கள், பூசாரியையும் மதித்தார்கள். புதன்கிழமை பாட்டில் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தலை முழுகினார்கள்.

அஞ்சலாட்சியின் புருஷன் கோதண்டம்தான் தொழிற்சாலையின் லாரி டிரைவர். நிரம்பிய பாட்டில்களைக் கடைகளில் இறக்குவதும் காலி பாட்டில்களை ஏற்றிவருவதும் அவன் வேலை. ஊரில் இருந்த அத்தனை ஆண்களும் விழுங்கியதை அவன்தான் சுமந்து வந்து பெண்டாட்டி கையில் ஒப்படைத்துக்கொண்டிருந்தான். அவன் விழுங்கியது மட்டும் அவள் கைக்கு வரவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஏழு வயதில் சுகந்தி என்று ஒரு பெண் இருந்தாள். ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அப்போதுதான் ஓசூருக்கு லோடு அடித்துவிட்டு வந்து இறங்கியிருந்த கோதண்டம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பைக் சாவியை எடுத்தான். அஞ்சலாட்சி, "சாதாக் காய்ச்சல்தான், காலையில பாத்துக்கலாம்" என்று அவன் கையிலிருந்து சாவியை வாங்கி ஆணியில் மாட்டினாள். காலையில் போனார்கள். மறுநாள் மத்தியானம் பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

காரியம் முடிந்து பந்தல் பிரித்த நாளிலிருந்து கோதண்டம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை, வேறு பெண்ணைத் தேடிப் போகவில்லை. வைத்ததைச் சாப்பிட்டான். கேட்டதை வாங்கி வந்தான். உப்பு, தண்ணி, போறன், வந்துட்டன் என்று நாலு சொல்லில் ஒன்பது வருடக் குடித்தனம் நடந்தது. அவன் என்றைக்காவது ஒருநாள் தலையை நிமிர்த்தி "நீதான்" என்று சொல்லப் போகிறான் என்று அஞ்சலாட்சி ஒவ்வொரு நாளும் காத்திருந்தாள். முதல் வருடம் அதற்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். மூன்றாம் வருடத்தில் அந்தப் பதில் அவளுக்கே நம்பும்படியாக இல்லை. அதற்கப்புறம் பதில் இல்லாமலே காத்திருந்தாள்.

சனிக்கிழமை தோறும் வேலை முடிந்ததும் அவன் லாரியின் நிழலில் குந்தி ஒரு பாட்டில் குடிப்பான். பாட்டில்கள் பேச ஆரம்பித்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை அவள் கொட்டகையைத் திறந்தபோது, பலகைமேல் ஒரே ஒரு பாட்டில் ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். ஒன்றும் இல்லை. அடுத்த திங்களும் அப்படியே ஒரு பாட்டில், அதற்கடுத்த திங்களும் அப்படியே. சோறு போடும்போது அவனுடைய விரல்களைப் பார்த்தாள். கையுறை இல்லாமல் காஸ்டிக்கில் கை விட்டால் தோல் எப்படி வெளுத்து வெடிக்குமோ அப்படி வெடித்திருந்தது. ஒரு சொல்லை ஒளிக்க ஒருவன் இந்தப் பாடு பட்டால் அந்தச் சொல் எவ்வளவு கொடியதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் அவனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

இதற்கிடையில் ஊரில் ஆண்கள் பாட்டிலைத் தொடப் பயந்தார்கள். டம்ளரில் ஊற்றிக் குடித்துப் பார்த்தார்கள். டம்ளர் பேசவில்லைதான், ஆனால் நாலு பேர் நடுவில் டம்ளரோடு உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் அவனிடம் ஏதோ இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடுகிறது. சிலர் குடித்த கையோடு பாட்டிலைப் பாறையில் அடித்து உடைத்தார்கள். கடற்கரை மணலெல்லாம் பழுப்புக் கண்ணாடிச் சில்லு ஏறி, வலை இழுப்பவர்கள் காலில் ரத்தத்தோடு வந்தார்கள். அப்படி இருக்கும்போது பெங்களூரிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரன் அலுமினிய கேனில் அடைத்த பீர் கொண்டுவந்தான். சலூனில் கதவைச் சாத்திக்கொண்டு ஏழு பேர் ஆளுக்கொரு கேன் குடித்தார்கள். ஒவ்வொருவரும் தான் யாரிடமும் சொல்லாத ஒன்றை நினைத்து விழுங்கினார்கள். பிறகு கேன்களை மாற்றிக் காதில் வைத்துக் கேட்டார்கள். எதிலும் ஒரு சத்தமும் இல்லை. அமுக்கினால் நசுங்கியது, அவ்வளவுதான்.

மறுநாள் அந்த ஏழு பேரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முசேவைப் பார்க்க வந்தார்கள். அஞ்சலாட்சி அப்போது அவருடைய அறையில் உடைந்த பாட்டில் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேதாசலம்தான் பேசினார்.

"முசே, பாட்டில நிறுத்திட்டு கேன்ல போடுங்க. வெளிச்சம் பட்டா பீர் வாசனை மாறிடுது, கேன்ல அந்தத் தொல்ல இல்ல. ஐஸ்ல வெச்சா சீக்கிரம் குளுந்துடும். தூக்கவும் சுளுவு. கண்ணாடி குத்திப் புள்ளைங்க கால் போவுது."

"எல்லாம் வாஸ்தவம்" என்றார் முசே. "நான் இங்க பீர் போட ஆரம்பிச்சி பதினோரு வருஷம் ஆவுது, பதினோரு வருஷமா அது வாஸ்தவம்தான். கண்ணாடிக்குன்னு ஒரு ருசி கிடையாது, உள்ள இருக்கறத அப்படியே வெச்சிருக்கும், அதனாலதான் நான் கண்ணாடிய விடல. இப்ப ஏன் எல்லாருமா சேந்து வந்திருக்கீங்க?"

ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். முசே எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "சரி. கேன்லயே போடலாம். நானும் ஒரு மாசமா குடிச்ச பாட்டில ஒடச்சிக் கெணத்துலதான் போட்டுகினு வரன்."

வைகாசியில் கேன் அடைக்கும் எந்திரம் வந்தது. ஒரு பெரிய மரப்பெட்டியில் வைக்கோல் சுற்றி வந்ததை இரண்டு ஆட்கள் மூன்று நாள் உட்கார்ந்து பூட்டினார்கள். கழுத்தும் இல்லாமல் தோளும் இல்லாமல் திறந்த வாயோடு வரும் கேனில் பீரை நிரப்பி, மேலே தட்டை வைத்து, விளிம்போடு விளிம்பை மடித்து அழுத்தி, வெளிச்சமோ காற்றோ நுழைய ஊசிமுனை இடம் விடாமல் அது மூடியது. கொட்டகைப் பெண்கள் ஆறு பேருக்கும் அதிலேயே வேலை உண்டு என்று முசே சொல்லிவிட்டார். கழுவ வேண்டாம், காஸ்டிக் வேண்டாம், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டாம். பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஆனி பிறந்ததும் பாட்டில் நிறுத்தப்படும் என்று கேட்டில் எழுதி ஒட்டினார்கள். கடைசி மூன்று புதன்கிழமைகளும் பின்பக்கக் கேட்டில் பெண்கள் கூட்டம் சாலை வரைக்கும் நின்றது, எடுத்துக் கொடுக்கத்தான் பாட்டில்கள் இல்லை. ஆண்கள் ஏற்கெனவே உஷாராகிவிட்டார்கள்.

கடைசி நாள் மத்தியானம் முசே கொட்டகைக்கு வந்து, கடைசியாக நிரப்பிய பாட்டில்களில் ஒரு கிரேட்டைத் தரையில் வைத்துவிட்டு, "வீட்டுக்காரங்களுக்கு எடுத்துகினு போங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு பெண்களும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு கிரேட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை.

"மாசியிலேந்து கேட்டுகினே கீறம்" என்றாள் தில்லையம்மா. "இவன் முழுங்கனது, அவன் முழுங்கனது, எவன் எவனோ முழுங்கனது. நம்ம முழுங்கனத எவன் கேட்டான்?"

"நம்ம எங்க குடிச்சம், கேக்கறதுக்கு?" என்றாள் இன்னொருத்தி.

தில்லையம்மா ஒரு பாட்டிலை எடுத்து, கதவுத் தாழ்ப்பாளில் மூடியை மாட்டி நெம்பித் திறந்தாள். நுரை அவள் கைமேல் வழிந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து ஒவ்வொருத்தி கையிலும் கொடுத்தாள். ஒருத்திகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு பேரும் ஆறு திசை பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தி தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள், ஒருத்தி செருப்பைக் கழற்றி வைத்தாள்.

அஞ்சலாட்சி ஒன்பது வருடமாகத் தினமும் கையில் பிடித்த பாட்டிலை முதல்முறையாக வாயருகே கொண்டுபோனாள். நார்த்தை இலை வாசனை அடித்தது. சொல்ல வேண்டியதை நாக்கு நுனி வரைக்கும் கொண்டுவந்தாள். அதைக் கொண்டுவருவதுதான் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அது நுனிக்கு வந்து பழகாத சொல். கோதண்டத்தின் முகத்தை நினைத்து, அவனிடம் சொல்வதாக நினைத்து, உதடு பிரிந்த நேரத்தில் பாட்டிலைக் கவிழ்த்து விழுங்கினாள். கசப்பு தொண்டையில் இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. நிறுத்தாமல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பிறகு பாட்டிலைக் காதில் வைத்துப் பார்த்தாள். யாரோ ஒரு பொம்பளை பேசினாள். இவ்வளவு களைத்த குரலா தன்னுடையது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அதுவரை அவளுக்கு எதைப் பார்த்தும் ஆச்சரியம் வந்ததில்லை.

வெளியே, கடைசி நடை காலி கிரேட்டுகளை இறக்கிவிட்டு, கோதண்டம் லாரியின் பின்கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தான். இரண்டு மணி வெயில் முற்றத்தில் நின்றது. அவள் பாட்டிலின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நேராக அவனிடம் போனாள். அவளுடைய மூச்சில் பீர் வாசனை அடித்ததை அவன் கவனித்தான்.

"இந்தா" என்றாள். "இத மட்டும் கழுவிடாத."

அவன் பாட்டிலைப் பார்த்தான். வாங்கவில்லை. வெடித்த விரல்களை லுங்கியில் துடைத்துக்கொண்டான். பிறகு வாங்கினான். லாரியின் படியில் உட்கார்ந்து காதில் வைத்தான்.

பாட்டில் அஞ்சலாட்சியின் குரலில் சொன்னது: "அவ ஒடம்பு அனலாக் கொதிச்சது எனுக்குத் தெரியும். தெரிஞ்சிதான் சாவிய வாங்கனன். வேலைக்குச் சேந்து நாலு நாள்தான் ஆயிருந்துச்சி. ஆசுபத்திரிக்குப் போனா காலையில இங்க வர முடியாதுன்னு நெனச்சன்."

அவன் கேட்டான். மறுபடி கேட்டான். மூன்றாம் முறையும் கேட்டான். உள்ளே புது எந்திரத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு கேனுக்கு ஒரு டக் என்று சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. அஞ்சலாட்சி முற்றத்தின் நடுவில் வெயிலில் நின்றாள். ஒன்பது வருடமாகக் காத்திருந்த சொல் இப்போது வரும் என்று நின்றாள். வரட்டும் என்று இருந்தது அவளுக்கு.

கோதண்டம் பாட்டிலைப் படியில் வைத்தான்.

"நீ சாவிய வாங்கனப்ப," என்று ஆரம்பித்தான். நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னான். "நீ சாவிய வாங்கனப்ப எனுக்கு நிம்மதியா இருந்துச்சி அஞ்சல. ரெண்டு நாள் கண்ணு மூடாம ஓட்டிகினு வந்தன். படுத்தா போதும்னு இருந்துச்சி. குடுடின்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நீ குடுத்திருப்ப. நான் கேக்கல. போயிப் படுத்துகினன். அவ அனத்தனா. கேட்டுது எனுக்கு. திரும்பிப் படுத்துகினன்."

அவள் அவனுடைய வெடித்த விரல்களைப் பார்த்தாள்.

"இதயா," என்றாள். "இதயா கழுவிக் கழுவி வெச்ச?"

"ம்."

"நீதான்டின்னு சொல்லப் போறன்னு நெனச்சன்யா. ஒவ்வொரு நாளும் நெனச்சன். சோத்த வெக்கும்போது நெனச்சன், பாயப் போடும்போது நெனச்சன். ஒம்போது வருஷம் என்னத் தனியாத் தூக்க வுட்டுட்டு, நீ அந்தாண்ட ஒக்காந்து நீயும் தூக்கிகினு இருந்தியா?"

அவள் போய் அவன் சட்டையைப் பிடித்தாள். ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவன் மார்பில் குத்தினாள். பலமாகத்தான் குத்தினாள், அவன் தடுக்கவில்லை, லாரிக் கதவு அதிர்ந்தது. கொட்டகை வாசலில் ஐந்து பெண்களும் ஆளுக்கொரு காலி பாட்டிலோடு வந்து நின்றார்கள். பார்த்துவிட்டு ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் வீடுகளுக்கு நடந்தார்கள். அன்று சாயங்காலம் அந்த ஐந்து வீடுகளிலும் ஆண்கள் பாட்டிலைக் காதில் வைத்துக் கேட்டார்கள். தணிகாசலம் கேட்டுவிட்டு எழுந்து போய் அதுவரை தொடாத அம்மிக்கல்லைக் கழுவினான் என்று சொல்கிறார்கள். மற்ற வீடுகளில் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை.

குத்திக் குத்திக் கை ஓய்ந்ததும் அஞ்சலாட்சி அவன் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தாள். படி சின்னது, இரண்டு பேருக்கு நெருக்கம். லாரியின் நிழல் மெல்ல நீண்டு அவர்கள் கால்வரைக்கும் வந்தது.

"அனத்தனாளே," என்றாள் அவள், "என்னா சொல்லி அனத்தனான்னு ஞாபகம் கீதா?"

"தண்ணி கேட்டா."

"தண்ணி குடுத்தன்."

"தெரியும். குடுத்த. அப்புறம் பல்லு பல்லுன்னா. விழுந்த பல்ல எங்க வெச்சன்னு கேட்டா."

"கூரை மேல போட்டன்னு சொன்னன்." அவள் நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவளுக்குப் பிள்ளையின் முகம், காய்ச்சலில்லாத முகம், மழைக்கு முந்தின வாரம் வாசலில் நின்று சிரித்த முகம், முழுதாக எழுந்து வந்தது. "மேல் பல்லு" என்றாள். "சிரிச்சா நடுவுல ஓட்ட தெரியும்."

"கீழ்ப் பல்லு" என்றான் கோதண்டம்.

"மேல் பல்லுயா. பெத்தவ நானு, எனுக்குத் தெரியாதா?"

"நான்தான்டி நூல் கட்டி இழுத்தன். கீழ்ப் பல்லு. எடது பக்கம்."

"கீழ்ப் பல்லா இருந்தா எதுக்குக் கூரை மேல போடறன்? மண்ணுலதான புதைப்பன்?"

முசே ஜன்னலைத் திறந்து, லாரியை எடுக்கிறாயா என்று கேட்க வாயெடுத்தவர், முற்றத்தில் அந்த இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போடுவதைப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். எந்திரத்தை நிறுத்தச் சொன்னார். சத்தம் நின்ற பிறகு அவர்கள் பேசுவது தெருமுனை வரைக்கும் கேட்டது.

"மேல் பல்லு."

"கீழ்ப் பல்லு அஞ்சல. நீ நல்லா யோசிச்சிப் பாரு."